ஐந்தால் பெருக்கினால் போதுமா?

சென்ற வாரம் தபாலில் எனக்கு ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான காகிதம், பணக்கார வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அட்டை. சூரிய வெளிச்சத்தில் எரியும் விளக்குகளை விற்கிற ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. பத்திரிகை ஆபீஸுக்கு வருகிற இந்த மாதிரிப் புத்தகங்கள் சாதாரணமாக நேரே பழைய பேப்பர்க் கட்டுக்குப் போய்ச் சேரும். இதை நான் வீட்டுக்கு எடுத்து வந்ததற்குக் காரணம் அட்டைப் படம்தான். பத்து வயதுப் பெண் ஒருத்தி விளக்கின் முன்னால் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், இத்தனை லட்சம் பேருடைய வாழ்க்கையில் ஒளி ஏற்றிவிட்டோம் என்று ஒரு பெரிய எண்.

எங்கள் அத்தைக்கு வயது 78. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"படிக்கிற குழந்தை புத்தகத்தையல்லவா பார்க்கும்? இது ஏன் போட்டோக்காரனைப் பார்க்கிறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டி, இத்தனை லட்சம் பேர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வீடு வீடாகப் போய் எண்ணினார்களா?" என்று கேட்டாள்.

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். விற்ற விளக்குகள் இத்தனை. ஒரு வீட்டுக்கு ஐந்து பேர். ஆகவே ஐந்தால் பெருக்கினோம் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் ரகசியம்!

அத்தை சிரித்தாள். "அப்படியானால் நான் வாங்கின பிரஷர் குக்கரை வைத்துக்கொண்டு, நம் வீட்டில் ஐந்து பேருடைய வாழ்க்கையை மாற்றிவிட்டேன் என்று குக்கர் கம்பெனிக்காரனும் சொல்லிக்கொள்ளலாம். என் வாழ்க்கையை மாற்றினது என்னவோ வாஸ்தவம்தான். உன் மாமாவின் வாழ்க்கையை அது எங்கே மாற்றிற்று? அவருக்குச் சோறு எதில் வெந்தது என்றே தெரியாது."

கம்பெனிக்காரர்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு உலகம் முழுவதற்குமாக ஒரு சங்கம் உண்டு. கோக்லா என்று பெயர். கேட்டால் குஜராத்திப் பலகாரம் போல் இருக்கிறது. இருந்தாலும் காரியமான சங்கம். இப்படிக் கணக்குப் போடுவதற்கென்றே 2015-ல் அவர்கள் சில விதிகளை வகுத்தார்கள். விற்றதையெல்லாம் அப்படியே பெருக்கக் கூடாது. ஒரே வீட்டுக்கு இரண்டாவது விளக்கு போயிருக்கலாம், சிலது கெட்டு மூலையில் கிடக்கலாம், அதற்கெல்லாம் கழித்துக்கொண்டு மீதியைத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த மட்டில் நாணயமான ஏற்பாடுதான். ஆனாலும் கடைசியில் நமக்குக் கிடைப்பது எத்தனை விளக்கு என்கிற கணக்குதான். அந்த விளக்கினால் வீட்டில் என்ன நடந்தது என்பது வேறு கணக்கு.

இந்தக் கணக்குக்காக ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்கு லாபத்தை மட்டும் பார்க்காத பணம் வருகிறது. தர்ம ஸ்தாபனங்கள், வெளிநாட்டு அரசாங்கங்கள், குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் பாங்குகள் எல்லாம், "உங்களால் ஏழைகளுக்கு என்ன நன்மை?" என்று கேட்டுக்கொண்டுதான் பையை அவிழ்க்கின்றன. நன்மையைக் காட்டினால் பணம். காட்ட முடியாவிட்டால் அந்தப் பணம் வேறொரு ஊரில், வேறொரு நல்ல காரியத்துக்குப் போய்விடும். ஆகையால் அந்த எண்ணில் ஒரு பிசகு இருந்தால், அது எங்கேயோ ஒரு கிராமத்துக் கூரையடியில் போய் விடியும்.

உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். லக்னோவுக்குக் கிழக்கே அடுத்த ஜில்லா பாராபங்கி. அங்கே மேரா காவ் பவர் என்று ஒரு கம்பெனி, 'என் கிராமத்து மின்சாரம்' என்று அர்த்தம் செய்துகொள்ளலாம், குடியிருப்புக்குக் குடியிருப்பு கூரை மேல் சூரியத் தகடுகளை வைத்து, கம்பி இழுத்து, சந்தா கட்டுகிற வீடுகளுக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கும் செல்போனுக்குச் சார்ஜ் செய்துகொள்ளும் வசதியும் கொடுத்துவந்தது. அரசாங்கக் கம்பி எட்டிப் பார்க்காத குக்கிராமங்கள் அவை. ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்தால் கள்ள மார்க்கெட்டில் வாங்கி எரிக்கிற வீடுகள்.

அக்லின், பேயர், ஹரீஷ், உர்பெலைனன் என்று நாலு ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு பரீட்சை நடத்தினார்கள். பரீட்சை கம்பெனிக்கு! 1,281 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தக் குடியிருப்புகளுக்குக் கம்பெனி முதலில் போவது, எவை காத்திருப்பது என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவது போல் தீர்மானித்தார்கள்.

சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். விளக்கு வாங்கின வீடு நன்றாக இருக்கிறது, வாங்காத வீடு நன்றாக இல்லை என்று காட்டுவது மிகச் சுலபம். ஆனால் விளக்கை முதலில் வாங்குகிறவர்கள் யார்? கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள், குழந்தைகள் படிக்க வேண்டும் என்று ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள். முதல் ராங்க் வாங்கும் பையனை மட்டும் சேர்த்துக்கொண்டு, "பாருங்கள், என் டியூஷனின் மகிமையை!" என்று சொல்லும் வாத்தியாரை நமக்குத் தெரியாதா? சீட்டுப் போட்டுப் பிரித்துவிட்டால் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி ஜனங்கள். நடுவில் வித்தியாசம் விளக்கு ஒன்றுதான்.

ஒரு வருஷத்துக்குள் கிடைத்த பலனை 2017-ல் பிரசுரித்தார்கள். கம்பெனி போன பக்கத்தில், 100 வீடுகளுக்கு 29 முதல் 36 வீடுகள் வரை கூடுதலாக மின்சாரம் பெற்றிருந்தன. கள்ள மார்க்கெட் மண்ணெண்ணெய்ச் செலவு மாதத்துக்கு 47 ரூபாயிலிருந்து 49 ரூபாய் வரை குறைந்திருந்தது. மின்சாரம் கிடைக்கும் நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கூடியிருந்தது.

சரி, சேமிப்பு? வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுச் செலவு? தெரியவில்லை. புதிதாகச் சின்னத் தொழில் தொடங்கினார்களா? இல்லை. வேலை செய்யும் நேரம்? மாறவில்லை. குழந்தைகள் படிக்கும் நேரம்? அதுவும் மாறவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அட்டைப் படத்துச் சிறுமியின் சிரிப்பு கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், விளக்கு வந்தால் படிப்பு வரும், படிப்பு வந்தால் உத்தியோகம் வரும் என்று! ஆப்பிரிக்காவில் யுகாண்டா தேசத்தில் குழந்தைகளுக்குச் சூரிய விளக்கு கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. அங்கே படிக்கும் நேரம் கூடியது. மார்க்கு மட்டும் குறைந்துபோயிற்று! விளக்குக்குச் சரியாகச் சார்ஜ் ஏறாமல் மினுக் மினுக்கென்று எரிந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரரே சந்தேகப்பட்டார். குழந்தை படிப்பது வெளிச்சத்தினால் மட்டும்தானா? வாத்தியார் வர வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேறு யாராவது வேண்டும்.

அப்படியானால் பாராபங்கியில் அந்த விளக்கு வீணா? அத்தையிடம் கேட்டேன்.

"நாற்பத்தெட்டு ரூபாய் வித்தியாசம் என்றால் அது வித்தியாசம்தான், எண்ணெய்க் கடையில் நின்றவளுக்குத் தெரியும்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, தஞ்சாவூர்ப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் மின்சாரம் வந்த கதையைச் சொன்னாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷமோ மூன்றாவதோ.

"விளக்கு வந்த அன்று முதலில் என்ன கண்ணில் பட்டது தெரியுமா? சுவர்! கூடத்துச் சுவர் பூரா ஒரே கரி. அத்தனை வருஷமும் அந்தக் கரியை மூச்சில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், தெரியவில்லை. மறு வாரமே வெள்ளை அடிக்க ஆள் வந்தான். லாபம் அப்புறம், செலவுதான் முதலில்."

அத்தை சொன்ன கரிக்கும் கணக்கு இருக்கிறது. கண்ணாடி இல்லாத சாதாரணத் திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு வரை அப்படியே கரிப்புகையாக வெளிவருகிறது என்று 2012-ல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். வட நாட்டில் அந்த விளக்குக்கு டிப்ரி என்று பெயர். மருந்து பாட்டிலின் மூடியில் துளை போட்டுத் திரி விட்டால் டிப்ரி தயார். அடுப்படியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்குச் சிம்னி துடைக்கிற வேலை போயிற்று" என்று அத்தை தொடர்ந்தாள். "சாம்பல் போட்டுத் துடைக்கணும். பெரியவர்கள் கை கண்ணாடிக்குள் நுழையாது. அதனால் வீட்டில் யாருடைய கை சின்னதோ அவள் தலையில்தான் அந்த வேலை. புதுசாக வந்த நாட்டுப்பெண் நான்தான். உடைந்தால் பேச்சும் எனக்குத்தான். அரிசியில் கல் பொறுக்கப் பகலையே எதிர்பார்த்திருக்க வேண்டாம் என்று ஆயிற்று. ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயமில்லை. அதெல்லாம் நிஜமான சௌகரியம்."

"அப்போ நல்லதுதானே, அத்தை?"

"நல்லதுதான். ஆனால் முன்னெல்லாம் எட்டு மணிக்கு விளக்கைச் சின்னதாக்கினால் வீடு அடங்கிவிடும். விளக்கு வந்த பிறகு மாமனாரும் சிநேகிதர்களும் திண்ணையில் சீட்டாட ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு உள்ளே பார்த்து ஒரு குரல், 'நாலு காபி!' என்று. எனக்கு வெளிச்சமும் வந்தது, தூக்கமும் போயிற்று. இன்னொன்று கேட்டுக்கொள். முதலில் கூடத்துக்கு ஒரு பல்ப், திண்ணைக்கு ஒரு பல்ப். சமையலறைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அங்கே சிம்னிதான்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பாராபங்கி வீடுகளுக்குக் கிடைத்தவையும் இரண்டு விளக்குகள்தாமே? அந்த இரண்டையும் எங்கே மாட்டினார்கள்? சேமிப்பு, செலவு, தொழில், வேலை நேரம், படிப்பு நேரம் என்று அளந்ததெல்லாம் அவசியமான அளவுகள். நான் அந்த ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல நாலு பேர் இருந்தார்களே என்று சந்தோஷப்படுகிறேன். ஆனால் அத்தை சொன்ன சிம்னி துடைக்கும் வேலை அந்தத் தலைப்புகளில் எதில் சேரும்? பத்து மணிக் காபி எதில் சேரும்? முன்னதை லாபத்திலும் பின்னதை நஷ்டத்திலும் எழுத வேண்டும். இரண்டுக்கும் பணக் கணக்கில் இடமில்லை.

வங்காள தேசத்தில் இதைக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார்கள். சூரிய விளக்கு விஷயத்தில் அந்தத் தேசத்தைப் போல் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் வேறு யாரும் இல்லை என்று சொல்லலாம். 2003-ல் ஆரம்பித்து 2018 வரையில் சுமார் 41 லட்சம் வீடுகளின் கூரையில் தகடு ஏறிற்று. சுமார் 2 கோடி ஜனங்கள் பயன் பெற்றார்கள் என்று கணக்கு. பாருங்கள், இங்கேயும் ஏறக்குறைய ஐந்தால்தான் பெருக்கியிருக்கிறது! அரசாங்க நிதி ஸ்தாபனம் ஒன்று கடன் கொடுக்க, கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள் கிராமம் கிராமமாகத் தவணை முறையில் விற்றன. அந்த வீடுகளை ஆராய்ந்து உலக பாங்கு நிபுணர்கள் 2013-ல் வெளியிட்ட அறிக்கையில், மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது, குழந்தைகள் மாலையில் படிக்கும் நேரம் கூடியது, வீட்டில் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உடம்புக்கு நல்லதாயிற்று, சில வீட்டு விஷயங்களில் பெண்களின் சொல்லுக்கு மதிப்புக் கூடிற்று என்று கண்டிருக்கிறார்கள். இது பாராபங்கி மாதிரி சீட்டுப் போட்டுச் செய்த பரீட்சை அல்ல. ஆகையால் டியூஷன் வாத்தியார் சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும், வீட்டில் யார் சொல் எடுபடுகிறது என்று கேட்டார்களே, அது பெரிய காரியம்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசாங்கக் கம்பி எதிர்பார்த்ததை விட வேகமாகக் கிராமங்களுக்கு வந்துவிட்டது. இன்னொரு திட்டத்தில் அரசாங்கமே இலவசமாகத் தகடுகளைக் கொடுக்க, தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள், "பக்கத்து வீட்டுக்கு இனாம், எனக்கு மட்டும் கடனா?" என்று கையை இழுத்துக்கொண்டார்கள். கடன் கொடுத்த அமைப்புகள் திண்டாடிப்போயின. நாடு முழுவதற்கும் மின்சாரம் வந்துவிட்டது என்று 2022 மார்ச்சில் அறிவிப்பும் ஆயிற்று. எத்தனையோ கூரைகளில் தகடு சும்மா வெயில் காய்கிறது. ஆனால் 2 கோடி என்ற எண் மட்டும் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அது பொய்யும் அல்ல. பத்து வருஷம் ஒரு வீட்டில் புகையில்லாமல் விளக்கு எரிந்தது என்றால் அது நிஜமான பத்து வருஷம். எத்தனை பேர் என்பதோடு எத்தனை வருஷம் என்றும் எழுதியிருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும்.

பாராபங்கியின் கதையும் இப்போது மாறிவிட்டது. 2017 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் சௌபாக்யா திட்டத்தைத் தொடங்கி வீடு வீடாக இணைப்புக் கொடுத்தது. ஆராய்ச்சி நடந்த காலத்து இருட்டு இன்று அங்கே அப்படியே இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சமீப காலத்தில் புதிதாக ஒரு முறையும் வந்திருக்கிறது. 60 டெசிபல்ஸ் என்ற ஸ்தாபனம். மனுஷர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரலின் அளவு அது, அதனால் அந்தப் பெயர். விளக்கு வாங்கினவர்களை டெலிபோனில் கூப்பிட்டு, "உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? முன்னைவிட நல்லதா, கெட்டதா? விளக்கு எரிகிறதா, தவணை பாரமாக இருக்கிறதா?" என்று அவரவர் பாஷையிலேயே கேட்கிறார்கள். வாங்கினவர் வாயாலேயே கேட்பது மிகவும் நல்ல யோசனை. எனக்கு ஒரே ஒரு கவலைதான். போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது? விளக்கு யார் பெயரில் வாங்கினது? வீட்டுக்காரர் எடுத்து, "எல்லாம் பிரமாதம்!" என்று சொல்லி வைத்துவிட்டால், அடுக்களையில் இருப்பவளுக்குப் போன் வந்ததே தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விளக்கு. பெரிய கம்பெனிகளின் சமாசாரம் இதைவிடச் சிக்கலானது. கர்நாடகத்தில் தும்கூர் ஜில்லாவில் பாவகடா என்று ஒரு தாலுகா. மழையைக் கண்டால் அதிசயப்படுகிற வறண்ட பூமி. நிலக்கடலை போடுவார்கள், பாதி வருஷம் அதுவும் பொய்த்துப்போகும். அங்கே ஐந்து கிராமங்களில் 13,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 2,050 மெகாவாட் மின்சாரம் எடுக்கும்படி சூரியத் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள். 2019 கடைசியில் வேலை பூர்த்தியாயிற்று. நிலத்தை யாரும் பிடுங்கவில்லை, விலைக்கும் வாங்கவில்லை. ஏக்கருக்கு வருஷத்துக்கு 21,000 ரூபாய் என்று ஆரம்பித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கூட்டிக் கொடுப்பதாக ஒப்பந்தம். வானம் பொய்த்தாலும் பணம் வரும். நிலம் உள்ளவர்களுக்கு இது லேசான விஷயமா? நானே அங்கே ஐந்து ஏக்கர் வைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அந்த ஊர்களில் நிலமே இல்லாதவர்களும் இருந்தார்கள். அடுத்தவர் கொல்லையில் களை எடுத்து, கடலை பிடுங்கி, அந்தக் கூலியில் அடுப்பெரித்த பெண்கள். தரிசில் ஆடு மேய்த்தவர்கள். நிலத்துக்குக் குத்தகைப் பணம் வந்தது. களை எடுத்தவளுக்கு எந்த ஒப்பந்தத்திலும் பெயர் இல்லை. தகடு துடைக்கவும், புல் வெட்டவும், காவல் காக்கவும் சிலருக்கு வேலை கிடைத்தது உண்டு. ஆனால் 13,000 ஏக்கர் கடலைக் கொல்லை கொடுத்த கூலிக்கு அது ஈடாகுமா? பட்டணத்தில் இருக்கும் நமக்குப் புகையில்லாத மின்சாரம் வேண்டும், அது நல்லதுதான், நானும் வேண்டும் என்கிற கட்சிதான். ஆனால் இந்த மாதிரி இடத்தில் நன்மையை அளக்கப் போகிறவர், குத்தகை வாங்குகிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்தால், அறிக்கை நிச்சயம் இனிப்பாகத்தான் இருக்கும். களை எடுத்தவள் வீட்டுக்கும் போக வேண்டும். அவள் வீட்டில் திண்ணை இருக்காது.

அத்தைக்குப் பாவகடா கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் புஸ்தகம் அனுப்பினவனுக்கு ஒரு கடுதாசி எழுது" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தேன், விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். இங்கிலீஷில் மொழிபெயர்த்த பாவம் மட்டும் என்னுடையது.

விளக்கை வீட்டில் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள்? அடுக்களையில் ஒன்றாவது உண்டா? இன்றைக்கு ராத்திரி எத்தனை விளக்கு எரிகிறது, விற்ற கணக்கு வேண்டாம், எரிகிற கணக்கு வேண்டும். கெட்டுப்போனால் ரிப்பேர் செய்ய யார் வருகிறார்கள், எத்தனை நாளில்? தவணை கட்ட முடியாத வீட்டில் என்ன செய்தீர்கள்? விளக்கு வந்த பிறகு அந்த வீட்டு அம்மாள் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறாள்?

கடைசிக் கேள்வியை எழுதும்போது, "இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், அத்தை" என்றேன்.

"சிரிக்கட்டும். பதில் எழுதினால் சரி" என்றாள்.

கடிதம் தபாலில் போய்விட்டது. பதில் வந்ததும் இந்தப் பக்கத்திலேயே பிரசுரிக்கிறேன். அதுவரை, நம் வாசகிகளில் மின்சாரம் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள், உங்கள் வீட்டுக்கு விளக்கு வந்த முதல் ராத்திரி எந்த அறையில் எரிந்தது என்று எழுதுங்கள். அத்தை எண்ணிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஐந்தால் பெருக்க மாட்டாளாம்.